மாந்தோப்பு வீட்டு நாய்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி பக்கம், மாந்தோப்பை ஒட்டி இருக்கிறது எங்கள் வீடு. நான் கல்யாணமாகி வந்த பிறகு இந்த வாசலில் ஐந்து நாய்கள் வளர்ந்திருக்கின்றன. இப்போது இருப்பவை மணியும் செவலையும். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போனால் தக்காளி வாங்கி முடிப்பதற்குள் நாலு பேராவது நிறுத்தி நாயைப் பற்றி ஏதாவது கேட்டுவிடுகிறார்கள். செருப்பைக் கடிக்கிறது, ராத்திரி ஊளையிடுகிறது, மாங்கொட்டையை விழுங்கிவிட்டது, மூன்று நாளாகச் சோறு தொடவில்லை. ஒவ்வொருவருக்கும் நின்று சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். நான் கால்நடை மருத்துவர் இல்லை. வளர்த்துப் பார்த்ததையும், டாக்டர்கள் சொல்லித் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

குட்டி வந்து ஒரு மாசம்தான் ஆகுது அக்கா, வீட்டில் ஒரு செருப்பு மிச்சமில்லை. நாலு அடி போட்டால் திருந்துமா?

அடிக்காதீர்கள். குட்டிக்கு முதலில் 28 பால் பற்கள் இருக்கும். மூன்று, நாலு மாதத்தில் அவை விழ ஆரம்பித்து, ஏழு மாதத்துக்குள் 42 பற்கள் முளைத்துவிடும். அதுவரைக்கும் ஈறு குறுகுறுவென்று இருக்கும், எதையாவது கடித்தே ஆக வேண்டும். அதில் செருப்புக்கு ஏன் முதலிடம் என்றால், வீட்டிலேயே உங்கள் வாசனை அதிகமாக இருக்கும் பொருள் அதுதான். நீங்கள் வெளியே போயிருக்கும்போது குட்டிக்கு நீங்கள் மிச்சம் வைத்துப் போன பங்கு அந்தச் செருப்பு.

பழைய பருத்தித் துணியை நனைத்து முறுக்கி, நடுவில் பெரிய முடிச்சாகப் போட்டு, ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் வைத்துக் கொடுங்கள். குளிர்ச்சி ஈறுக்கு இதமாக இருக்கும். செருப்பை எட்டாத இடத்தில் வையுங்கள். ‘நான் வந்து பார்க்கும்போது தலையைக் குனிந்து நிற்கிறது, செய்த தப்பு தெரிகிறது’ என்று பலர் சொல்கிறார்கள். அது பார்ப்பது உங்கள் முகத்தை. காலையில் கடித்த செருப்புக்கும் சாயங்காலம் விழும் அடிக்கும் அது முடிச்சுப் போடாது, நீங்கள் வந்தாலே அடி விழும் என்றுதான் கற்றுக்கொள்ளும்.

எங்கள் நாய் கடிப்பதில்லை. ஊரார் செருப்பைத் தூக்கி வந்து சேர்க்கிறது. என்ன செய்ய?

மணிக்கு இந்தப் பழக்கம் ஒன்றரை வருடம் இருந்தது. எப்போதும் ஒற்றைச் செருப்புதான், அதுவும் இடது கால், வலது கால் என்று கணக்கில்லாமல். ஒரு கார்த்திகை மாதத்தில் வேப்ப மரத்தடியில் ஏழு செருப்பு வரிசையாகக் கிடந்தது, ஒன்றில்கூடப் பல் பட்ட தடயம் இல்லை. தெருவில் யாருக்காவது செருப்பைக் காணோம் என்றால் நேராக எங்கள் வேப்ப மரத்துக்கு வந்து பொறுக்கிக்கொண்டு போவார்கள். வாயில் எதையாவது கவ்விக்கொண்டு வந்து நம்மிடம் காட்டுவது சில நாய்களுக்குப் பிறவிக் குணம். பிடுங்கத் துரத்தினால் விளையாட்டென்று எடுத்துக்கொண்டு இன்னும் வேகமாக ஓடும். நான் ஒரு துண்டு வேகவைத்த முட்டையைக் காட்டி, செருப்பைக் கீழே போட்டதும் கொடுத்தேன். பிறகு அதற்கென்று ஒரு தேங்காய் மட்டையைப் பழக்கிவிட்டோம். இப்போது விருந்தாளி வந்தால் மட்டையைக் கவ்விக்கொண்டு வந்து முன்னால் நிற்கும்.

மாம்பழ சீசனில் நாயை எப்படிப் பார்த்துக்கொள்வது?

நம் மாவட்டத்தில் நாய் வளர்ப்பவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். சித்திரை, வைகாசியிலிருந்து பெங்களூராவும் செந்தூராவும் தோப்பில் உதிர்ந்து கிடக்கும், கூழ்த் தொழிற்சாலைக்குப் போகிற வண்டிகளிலிருந்து ரோட்டிலும் விழும். நாய்க்கு மாம்பழச் சதை கொஞ்சம் தின்றால் ஒன்றும் ஆகாது, விரும்பித்தான் தின்னும். ஆபத்து கொட்டையில். வழுவழுவென்று சதை ஒட்டியிருக்கும்போது அப்படியே முழுங்கிவிடும். வயிற்றில் சதை கரைந்து போகும், கொட்டை கரையாது. குடலுக்குள் இறங்கி எங்காவது குறுக்கே நின்றுவிட்டால் பின்னால் எதுவும் போகாது.

அடையாளம் என்னவென்றால், தின்றதெல்லாம் வாந்தி, அப்புறம் தண்ணீர் குடித்தாலே வாந்தி, வெளிக்குப் போகாது, முதுகை வில் மாதிரி வளைத்து நிற்கும், வயிற்றைத் தொட்டால் முனகும். இது உடனேயும் வரலாம், கொட்டை வயிற்றில் சில நாள் கிடந்துவிட்டுப் பிறகும் வரலாம், அதனால் ‘நேற்று மாம்பழமே தின்னவில்லையே’ என்று அசட்டையாக இருக்காதீர்கள். விளக்கெண்ணெய் ஊற்றுவது, உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைப்பது எல்லாம் வேண்டாம். எக்ஸ்ரேயோ ஸ்கேனோ எடுத்துப் பார்த்து, தேவைப்பட்டால் ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டும். உள்ளூர் கால்நடை மருத்துவமனையில் அந்த வசதி இல்லை என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக் கொடுப்பார்கள். எங்களுடைய முதல் நாய் வெள்ளையனை இப்படித்தான் கொண்டு போனோம். நாங்கள் இரண்டு நாள் தாமதித்துவிட்டோம், பிழைக்கவில்லை. அதிலிருந்து எங்கள் வீட்டில் யார் மாம்பழம் தின்றாலும் கொட்டை மூடி போட்ட பக்கெட்டுக்குள்தான் போகும், வருகிற விருந்தாளிக்கும் அதே சட்டம்.

கிணற்றில் விழுந்துவிட்டால்?

ஆள் இறங்காதீர்கள். தீயணைப்பு நிலையத்துக்கு 101-ல் கூப்பிடுங்கள், நாய்க்கும் வருவார்கள்.

போன வருடம் செவலை விழுந்தது. கீரியைத் துரத்திக்கொண்டு ஓடி, சுற்றுச்சுவர் இல்லாத பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றுக்குள் போய்விட்டது. எங்களுக்கு யாரும் வந்து சொல்லவில்லை. மணி குரைத்த குரலை வைத்துத்தான் தெரிந்தது. ஆள் வந்தால் ஒரு குரல், பாம்பைக் கண்டால் ஒரு குரல், இது இரண்டிலும் சேராமல் நீட்டி நீட்டி, நடுவில் வீட்டுப் பக்கம் நாலடி ஓடி வந்து, மறுபடி கிணற்றுக்குப் போய்க் குரைத்தது. போய்ப் பார்த்தால் கீழே பாறை நீட்டிக்கொண்டிருந்த ஒரு முழ இடத்தில் செவலை முன்னங்காலை ஊன்றி, பின்னுடம்பு தண்ணீரில் நனைய, மேலே எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. கூட்டம் கூடிவிட்டது. ஆளாளுக்குக் கத்தியதில் மிரண்டு ஒரு தடவை வழுக்கித் தண்ணீரில் விழுந்து, நீந்தி மறுபடி அந்தப் பாறையைப் பிடித்தது. அப்புறம் என் வீட்டுக்காரர் எல்லோரையும் தள்ளிப் போகச் சொன்னார். நான் மட்டும் விளிம்பில் குப்புறப் படுத்து அதன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். தீயணைப்பு வீரர் கயிற்றில் இறங்கி, ஒரு துண்டால் அதன் கண்ணை மூடி, சாக்கில் இறக்கித் தோளோடு சேர்த்துக் கட்டி மேலே கொண்டு வந்தார். மேலே வந்த செவலையை மணி காதிலிருந்து வால்வரை நக்கியது, பத்து நிமிஷம் விடவில்லை.

இந்த மாதிரி வந்த நாயை நன்றாகத் துடைத்துக் காய வையுங்கள். இருமலோ மூச்சிரைப்போ இருந்தால் நுரையீரலில் தண்ணீர் போயிருக்கலாம், அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

தலை பிளாஸ்டிக் டப்பாவில் மாட்டிக்கொண்டது.

இழுக்காதீர்கள், காது மடங்கி இன்னும் இறுகும். ஒருவர் உடம்பைப் பிடிக்க, இன்னொருவர் கழுத்தைச் சுற்றித் தேங்காய் எண்ணெய் விட்டு, ஒவ்வொரு காதாக விரலால் மடித்து மெதுவாகத் திருப்பி எடுங்கள். வரவில்லை என்றால் முதல் வேலையாக டப்பாவின் அடிப்பக்கத்தில் மூச்சுக்கு ஓட்டை போடுங்கள், பிறகு வெட்டலாம். ஊறுகாய் டப்பா, நிப்பட்டு டப்பா எதையும் மூடி திறந்தபடி குப்பையில் போடாமல் நசுக்கிப் போட்டால், உங்கள் நாய் மட்டுமில்லை, தெரு நாயும் தப்பிக்கும்.

எங்கள் வீட்டில் ராகிக் களிதான். நாய்க்கும் அதையே போடலாமா?

போடலாம். இந்தப் பக்கத்தில் நாய்கள் தலைமுறை தலைமுறையாகக் களி தின்றுதான் தோப்புக் காவல் காத்தன. ஆனால் களி மட்டும் போதாது. முட்டை, எலும்பெடுத்த கோழி, ஈரல், உப்பில்லாத மீன் என்று ஏதாவது ஒன்று தினமும் கொஞ்சம் கலந்து பிசையுங்கள். குழம்பை ஊற்றாதீர்கள். உப்பு, காரம் போக, அதில் இருக்கும் வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைக் கெடுக்கும். வெந்த கோழி எலும்பு ஊசி மாதிரி பிளந்து குடலைக் குத்தும். திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைத் தாக்கும், சாக்லேட் இதயத்தைப் படபடக்க வைக்கும். பிள்ளைகள் பாசத்தில் ஊட்டிவிடுவார்கள், அவர்களுக்குத்தான் முதலில் சொல்லி வைக்க வேண்டும்.

குளிப்பாட்டிவிட்டால் நேராகப் போய்ச் சாணியில் புரள்கிறது. பைத்தியமா?

இல்லை. நமக்கு மணக்கிற சோப்பு அதற்கு அந்நிய நாற்றம். தன் மேல் பழகிய வாசனை வேண்டும் என்று புரள்கிறது. படுக்குமுன் மூன்று சுற்றுச் சுற்றுவதும், வெயில் காலத்தில் ரோஜாச் செடியைத் தோண்டி உள்ளே படுப்பதும் இதே மாதிரி பழைய புத்திதான். முதலாவது படுக்கையைச் சமன்படுத்த, இரண்டாவது குளிர்ந்த மண்ணுக்காக. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, பாதத்தில் கொஞ்சம், மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். செடியைக் காப்பாற்ற வேண்டும் என்றால் நிழலில் ஒரு குழியில் மணல் கொட்டித் தண்ணீர் தெளித்து வையுங்கள், அங்கே போய்விடும். புல் தின்பதும் பெரும்பாலும் சாதாரணம். தினமும் தின்று தினமும் கக்கினால் மட்டும் காட்டுங்கள்.

ராத்திரி ஊளையிட்டால் வீட்டுக்கு ஆகாது என்கிறார்களே?

நான் நம்புவதில்லை. தூரத்தில் இன்னொரு நாய் கூப்பிட்டால் பதில் சொல்லும், ஆம்புலன்ஸ் சைரனுக்கும் கோயில் கொம்புக்கும் கூடச் சேர்ந்து பாடும், தனியாக விட்டால் அழும், வலித்தாலும் அழும். கடைசி இரண்டைத்தான் நாம் கவனிக்க வேண்டும். தருமபுரி பக்கத்தில் அதியமான்கோட்டைக் காலபைரவர் கோயிலுக்குத் தேய்பிறை அஷ்டமி அன்று எவ்வளவு கூட்டம் போகிறது, பூசணிக்காய் விளக்கு ஏற்றிக் கும்பிட்டுவிட்டு வருகிறோம். அந்தச் சாமிக்கு வாகனமே நாய்தானே. ஊளையிட்டது என்று அதைக் கல்லால் அடித்து விரட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது.

கேஸ் சிலிண்டர்காரரைக் கண்டால் மட்டும் உயிரை விட்டுக் குரைக்கிறதே?

அவர் வருகிறார், நாய் குரைக்கிறது, அவர் போய்விடுகிறார். ஒவ்வொரு தடவையும் தன்னால்தான் போனார் என்று அது நினைக்கிறது. அவர் கையாலேயே இரண்டு தடவை பிஸ்கட் போடச் சொல்லுங்கள்.

தீபாவளிக்கு நடுங்கிச் சாகிறது.

மனிதக் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் கேட்கும், நாய்க்கு 45,000 வரை எட்டும். சின்னச் சத்தமும் தூரத்திலிருந்தே தெரியும். நமக்கு அணுகுண்டு வெடி என்றால் அதற்கு என்னவாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வெளியில் சங்கிலியில் கட்டாதீர்கள், இழுத்துக் கழுத்தை இறுக்கிக்கொள்ளும். உள் அறை, மூடிய ஜன்னல், சத்தமாக ஒரு டிவி, பக்கத்தில் நீங்கள் ஒருவர், அவ்வளவு போதும். வாக்கிங்கை விடியற்காலையிலேயே முடித்துவிடுங்கள். கழுத்துப் பட்டையில் உங்கள் போன் நம்பரை எழுதி வையுங்கள், மிரண்டு ஓடுகிற நாய் எட்டு, பத்து கிலோமீட்டர் போய்விடும். தை, மாசியில் எருது விடும் விழா நடக்கிற நாளிலும் இதே ஏற்பாடுதான். அந்தக் கூட்டத்துக்குள் நாய் புகுந்தால் அதற்கும் ஆபத்து, மாட்டுக்கும் ஆபத்து.

எங்களுக்கு தேன்கனிக்கோட்டை பக்கம். சிறுத்தை நாயைத் தூக்குகிறது.

காட்டோரத்தில் நாயை வாசலில் கட்டி வைப்பது அதைச் சிறுத்தைக்கு எடுத்து வைப்பது போல. சங்கிலியில் இருக்கிற நாய் ஓடவும் முடியாது, சண்டை போடவும் முடியாது. இருட்டுவதற்குள் கதவு போட்ட கொட்டகைக்குள் அடையுங்கள். ‘காவலுக்குத்தானே வளர்க்கிறோம்’ என்பார்கள். உள்ளே இருந்தாலும் அது குரைக்கும், உங்களுக்குக் கேட்கும். காவல் என்றால் அதுதான்.

பாம்பு கடித்துவிட்டது.

நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். கீறவோ, கயிறு கட்டவோ வேண்டாம். விஷமுறிவு மருந்து இருக்கிறதா என்று போனில் கேட்டுக்கொண்டே கிளம்புங்கள். கண்ணாடி விரியன் என்றால் வீக்கமும் ரத்தக் கசிவும் இருக்கும், நேரம் மிக முக்கியம்.

நம்ம வீட்டு நாய்தானே, விளையாட்டில் பல் பட்டுவிட்டது. ஊசி போடணுமா?

இதில் மட்டும் நான் யாரிடமும் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள், கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்காதீர்கள். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையமோ அரசு மருத்துவமனையோ போய்விடுங்கள், அங்கே இலவசம். தோலுக்குள் போடுகிற முறையில் முதல் நாள் ஒன்று, அதிலிருந்து 3, 7, 28 நாள் கழித்து ஒவ்வொன்று என்று போடுவார்கள். காயம் ஆழமாக இருந்தால் காயத்தைச் சுற்றித் தனி மருந்தும் தருவார்கள். ரேபீஸ் அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்றுவது அநேகமாக முடியாது, வருமுன் தடுப்பது முழுக்க நம் கையில் இருக்கிறது. நாய்க்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு டாக்டர் சொல்கிற நாளில் இன்னொன்று, அப்புறம் வருடா வருடம். செப்டம்பர் 28 உலக ரேபீஸ் தினத்தை ஒட்டிப் பல ஊர்களில் இலவச முகாம் நடக்கும், விசாரித்து வையுங்கள். குட்டிகளுக்கு ஆறு, எட்டு வாரத்தில் பார்வோ என்கிற கழிச்சல் நோய்க்கான தடுப்பூசியையும் மறக்காதீர்கள். ரத்தமாகக் கழிகிற குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

உண்ணி?

காது மடல், விரலிடுக்கு, வாலடி மூன்றையும் தினமும் தடவிப் பாருங்கள். மாட்டுக்கு வாங்கி வைத்த உண்ணி மருந்தை அப்படியே நாய்க்கு அடிக்காதீர்கள், நக்கி விஷமாகிவிடும். சோர்வு, காய்ச்சல், ஈறு வெளுத்துப்போவது, மூக்கில் ரத்தம் வந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். நாம் போடுகிற பாராசிட்டமால் எல்லாம் கொடுக்கக் கூடாது.

சாயங்காலம் பஸ் வருவதற்கு முன்னாலேயே நாய் ஸ்டாப்பில் போய் உட்காருகிறது. எப்படித் தெரிகிறது?

என் பெண் கிருஷ்ணகிரியில் கல்லூரிக்குப் போனபோது மணி இதைச் செய்தது. ஐந்தே முக்காலுக்கு வரும் டவுன் பஸ், ஐந்தரைக்கே கிளம்பிவிடும். நான் அடுப்பு மூட்டுவது, பக்கத்து வீட்டில் பால் கறப்பது, வெயில் திண்ணையை விட்டு இறங்குவது என்று எத்தனையோ அடையாளங்களை அது கோத்து வைத்திருக்கும் என்று நினைக்கிறேன். அதன் காதுக்கு அந்த பஸ்ஸின் இன்ஜின் சத்தம் தனியாகத் தெரியும். முன்னால் போகிற தனியார் பஸ்ஸுக்கு எழுந்துகூட நிற்காது. அவள் லீவில் வீட்டில் இருந்தால் போகாது. படிப்பு முடிந்து ஓசூரில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே தங்கிய பிறகும் மூன்று மாதம் தினமும் போய் உட்கார்ந்துவிட்டு, பஸ் போனதும் திரும்பி வந்தது.

நாட்டு நாய்க்கு விசுவாசம் அதிகமா, சீமை நாய்க்கா?

விசுவாசத்துக்கு ஜாதி கிடையாது, யார் கூட இருந்து வளர்க்கிறார்களோ அவர்களைப் பொறுத்தது. ஆனால் நம் வெயிலுக்கு நாட்டு நாய் தாங்கும், சடை முடி நாய்கள் படுகிற பாட்டைப் பார்க்கச் சகிக்காது. ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால்தலையே வெளியிட்டார்கள். சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி எல்லாம் நல்ல நாய்கள்தான், ஓட இடம் இருந்தால் மட்டும் வாங்குங்கள். இடமில்லாதவர்கள் தெருக் குட்டி ஒன்றை எடுங்கள். மணி அப்படி வந்ததுதான்.

பழைய கதை ஒன்று சொல்கிறேன். நம் எல்லை தாண்டினால் வரும் செங்கம் பகுதியில் எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலம், ஏழாம் நூற்றாண்டு. சண்டையில் உயிர்விட்ட வீரனுக்கு எடுத்த கல். அவனோடு அவன் நாயையும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் எழுதி, அது கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதையும் பொறித்து வைத்திருக்கிறார்கள். தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த நாய்தான் ஞாபகம் வரும். மனிதனுக்கு எழுதிய கல்லில் நாய்க்கும் ஒரு வரி ஒதுக்கினார்களே.

வீட்டில் பெரியவர் தவறிவிட்டார். அவர் வளர்த்த நாய் சோறு தொடவில்லை.

என் மாமனார் போனபோது கருப்பன் அப்படித்தான் இருந்தது. அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிடும்போது, களியில் ஒரு உருண்டையை விரலால் உருட்டி, ஊதி ஆற வைத்து அதற்குப் போடுவார். தட்டில் வைத்தால் தின்னாது, அவர் விரலிலிருந்து வர வேண்டும். காரியமெல்லாம் நடக்கிறது, வீடு நிறைய ஜனம், அது கட்டிலுக்கு அடியில் அவருடைய துண்டின் மேல் தாடையை வைத்துப் படுத்திருந்தது. மூன்று நாள் தண்ணீர் மட்டும் குடித்தது. நான் கறி வைத்தேன், முட்டை வைத்தேன், முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. நாலாம் நாள் சாயங்காலம் என் பெண், அப்போது அவளுக்கு ஒன்பது வயது, தாத்தா உட்காரும் இடத்தில் ஏறி உட்கார்ந்து, களியை உருட்டி, அவரை மாதிரியே மூன்று தரம் ஊதி நீட்டினாள். வெகு நேரம் அவள் விரலைப் பார்த்துக்கொண்டே இருந்து, அப்புறம் எழுந்து வந்து வாங்கிக்கொண்டது.

அதனால் என் யோசனை இதுதான். பெரியவரின் துண்டையோ போர்வையையோ உடனே துவைத்துவிடாதீர்கள், கொஞ்ச நாள் அதனிடமே இருக்கட்டும். அவர் சோறு போட்ட அதே நேரத்தில், அதே இடத்தில், வீட்டில் ஒருவர் மட்டும் தினமும் போடுங்கள். அவர் கூட்டிப் போன வழியிலேயே நடக்கக் கூட்டிப் போங்கள். இரண்டு நாளுக்கு மேல் எதுவும் உண்ணாவிட்டால் துக்கம்தான் என்று நீங்களே முடிவு கட்டாமல் டாக்டரிடம் காட்டுங்கள், உள்ளே நோயும் இருக்கலாம்.

துக்கம் மறக்க உடனே இன்னொரு குட்டி கொண்டு வரலாமா?

கொஞ்சம் பொறுங்கள். பழைய நாய் தானாக வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்து உட்கார ஆரம்பிக்கட்டும். கருப்பனுக்கு அது ஆக ஐந்து மாதம் ஆனது. அதற்குப் பிறகுதான் சந்தை ஓரத்தில் கிடந்த மணியை முந்தானையில் சுற்றி எடுத்து வந்தேன்.